முதியோருக்கான சமூக மனநலச் செவிலியம்: தமிழ்நாடு, புதுச்சேரி

மனநலம் குன்றிய முதியவரை மருத்துவமனைக்கு வரவழைப்பதற்குப் பதிலாக, அவர் வாழும் வீட்டிற்கே செவிலியர் சென்று கவனிப்பது முதியோருக்கான சமூக மனநலச் செவிலியம் ஆகும். இங்கிலாந்தில் 1954-ஆம் ஆண்டு வார்லிங்காம் பார்க் மருத்துவமனை, வீடு திரும்பிய மனநோயாளிகளைப் பார்த்துவர இரண்டு செவிலியரை வெளியே அனுப்பியது. இப்பணியின் தொடக்கமாக அதையே குறிப்பிடுவர். நம் பகுதிக்கு அது மிகத் தாமதமாகவே வந்தது.

சென்னையில் 1794-இல் வாலண்டைன் கொனோலி என்ற மருத்துவர் நடத்திய மனநோயாளர் விடுதியே இங்கு மனநல மருத்துவத்தின் பழைய நிறுவனம். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மருத்துவமனை அமைந்தது. காலப்போக்கில் அந்த ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. வகுப்பறையில் மாணவர்கள் ஒருவரையொருவர் அப்பெயரால் கேலி செய்ததை என் தலைமுறை ஆசிரியர்கள் எல்லோரும் கேட்டிருப்போம். அப்படியிருக்க, பெற்ற தாயை அங்கே அழைத்துச்செல்ல எந்த மகனுக்கு மனம் வரும்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1950-களின் இறுதியிலிருந்தே நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளித்தது. அது நல்ல மாற்றம். ஆனால் அங்கும் நோயாளிதான் வரவேண்டியிருந்தது.

வராதவர்கள் எத்தனை பேர்? மதுரை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் அ. வெங்கோபராவ் அதைத் தேடிப் பார்த்தார். மதுரையை அடுத்த திருப்புவனத்தில் 60 வயது கடந்த 686 பேரிடம் நடத்திய ஆய்வை 1982-இல் அவரும் மாதவனும் வெளியிட்டனர். ஆயிரத்துக்கு 89 பேர் என்ற அளவில் மனநோய் இருந்தது. அதாவது, அந்தச் சிற்றூரிலேயே ஏறக்குறைய 60 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மனச்சோர்வு; சிகிச்சையால் குணமாகக்கூடியது. பின்னர் செங்கல்பட்டுப் பக்கம் திருப்போரூரில் நடந்த ஆய்வு, 1997-இல் வெளியானது, முதியோரில் 3.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாகக் கூறியது. "வயசானா அப்படித்தான்" என்று நாம் ஒதுக்கும் பேச்சுக்குள் எத்தனை நோயாளிகள் மறைந்திருந்தார்கள் என்பதை இந்த இரு ஆய்வுகளும் காட்டின.

நோய் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தபிறகும் வீட்டிற்குப் போக ஆள் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர் ஊரெங்கும் இருந்தனர். ஆனால் அவர்களின் பதிவேட்டில் கர்ப்பிணியும் குழந்தையுமே முதலிடம். 1996-97-இல் மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கியபோதுதான் மனநலக் குழுவில் செவிலியருக்கும் இடம் கிடைத்தது. அத்திட்டமும் முதியோருக்கென்று தனியாக உருவானதன்று.

வீட்டிற்குப் போகும் செவிலியரின் கண்ணுக்கு மருத்துவமனையில் தெரியாதவை தெரியும். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே கிடக்கும். இரண்டே நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் பாட்டிக்கு வந்திருப்பது மறதிநோய் அன்று. சிறுநீர்த் தொற்றாகவோ உப்புச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம், உடனே சிகிச்சை தேவை. பேச்சுக்குப் பதில் சொல்லாத தாத்தாவுக்குக் காது கேட்காமல் இருக்கலாம். இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் மருமகளின் சோர்வும் செவிலியர் குறிப்பேட்டில் ஏறவேண்டிய ஒன்று. இதற்குத் தனிக்கருவி எதுவும் வேண்டாம், பயிற்சி வேண்டும்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். கோரிமேட்டில் உள்ள அந்நிறுவனம் குருசுக்குப்பத்திலும் இராமநாதபுரம் கிராமத்திலும் சுகாதார மையங்களை நடத்துகிறது. நான் வாழும் லாஸ்பேட்டையில் பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் மாடிவீட்டிலுமாக இருக்கும் குடும்பங்கள் குறைவில்லை. விமான நிலையம் கூப்பிடு தூரத்தில். பேசத்தான் ஆள் தூரத்தில்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. வாசல்வரை வந்துவிட்டவர், "ராத்திரி தூங்கினீங்களா ஆயா? சாப்பிடப் பிடிக்குதா?" என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் திருப்புவனத்தில் கண்ட மனச்சோர்வில் ஒரு பங்கு பிடிபடும். 2022 அக்டோபரில் வந்த டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். காது மந்தமான முதியவருக்காக அந்த எண்ணை அழுத்த மட்டும் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.