எலிப்பெருக்கமும் மழை வந்த மாதமும்

தான்சானியாவின் மொரொகோரோ பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது ‘வூலி’, மார்ச் முதல் மே வரை பெய்வது ‘மசிக்கா’. வூலியை நம்ப முடியாது. ஓராண்டு கொட்டித் தீர்க்கும், மறு ஆண்டு ஏமாற்றிவிடும். மக்காச்சோள உழவர்களைப் பாடாய்ப் படுத்தும் பன்முலை எலி (மாஸ்டோமிஸ் நட்டாலென்சிஸ்) பெருகுமா, அடங்குமா என்பதை இந்தச் சிறுமழையே பெரிதும் தீர்மானிக்கிறது.

வழக்கமான ஆண்டில், மசிக்கா வலுத்து ஒரு மாதம் கழித்தே இனப்பெருக்கம் தொடங்கும். அப்போது பிறக்கும் குட்டிகள் மெதுவாக வளரும். வறண்ட மாதங்களைக் கடந்து அடுத்த மசிக்காவில்தான் ஈனும். வூலி நன்றாகப் பெய்துவிட்டாலோ கணக்கே மாறிவிடும். புல் முன்கூட்டியே தளிர்க்க, ஜனவரியிலேயே எலிகள் சினைப்படுகின்றன. அந்தக் குட்டிகள் விரைந்து வளர்ந்து அதே மசிக்காவில் தாயாகிவிடுகின்றன. ஓர் ஆண்டுக்குள் ஒரு தலைமுறை கூடுதல்! ஓர் ஈற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு குட்டி போடும், 24 காம்புகள்வரை கொண்ட விலங்குக்கு அந்த ஒரு தலைமுறையே போதும். ஹெர்விக் லெயர்ஸும் அவருடைய குழுவினரும் 1990களில் விளக்கிய இந்தப் பொறிமுறை, ஆண்டின் மொத்த மழையளவை மட்டும் வைத்து எலிப்பெருக்கத்தைக் கணிப்பது ஏன் பிழை என்பதைக் காட்டுகிறது. இரண்டு ஆண்டுகளில் ஒரே அளவு மழை பெய்திருக்கலாம். அது எந்த மாதத்தில் பெய்தது என்பதே கேள்வி.

தளிர் ஏன் இத்தனை முக்கியம்? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நார்மன் நீகஸும் பாட்ரிசியா பெர்கரும் செய்த எளிய சோதனையில் விடை கிடைத்தது. வோல் எனப்படும் குட்டைவால் புல்வெளி எலிகள் ஈனாத குளிர்காலத்தில், அவற்றின் வாழிடத்திலேயே முளைவிட்ட பசுங்கோதுமையை வைத்தார்கள். பெண் எலிகள் குளிரிலேயே சினைப்பட்டன. 1977இல் வெளியான இந்த முடிவைத் தொடர்ந்து, இளம்புல்லில் உள்ள ஒரு வேதிப்பொருளே இனப்பெருக்கத்தைத் தூண்டுகிறது என்று 1981இல் அவர்கள் குழு அறிவித்தது. அதாவது உணவு வயிற்றை நிரப்புவதோடு நிற்பதில்லை. பருவம் வந்துவிட்டது என்ற செய்தியையும் உடலுக்குள் கொண்டுபோகிறது.

ஆனால் உணவே எல்லாம் என்று முடித்துவிடவும் முடியாது. காட்டு விலங்குகளுக்குக் கூடுதல் உணவு வைத்த ஏராளமான சோதனைகளை ஸ்டான் பூட்டின் 1990இல் ஒருசேர ஆராய்ந்தார். பெரும்பாலும் எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்கு கூடியது. ஆனாலும் வீழ்ச்சிக் காலம் வந்தபோது வைத்த உணவு அதைத் தடுக்கவில்லை. லெயர்ஸ் குழுவின் 1997ஆம் ஆண்டு ஆய்வும் இதற்கு இசைவானதே. பெய்த மழையோடு, ஏற்கெனவே அங்கே எத்தனை எலிகள் நெருக்கியடித்து வாழ்கின்றன என்பதும் அவற்றின் பிழைப்பையும் பருவமடைதலையும் பாதிக்கிறது.

உள் மங்கோலியாவின் பிராண்ட் வோல் இன்னும் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. அதற்குக் குட்டையான, அடர்த்தி குறைந்த புல்தான் உகந்தது. புல் உயர்ந்துவிட்டால் வானிலிருந்து பாயும் கீச்சான் பறவை கண்ணுக்குத் தெரியாது. 2022இல் வெளியான ஆய்வொன்று இதை நேரடியாகக் காட்டியது. கீச்சான் நடமாடும் இடங்களில் வோல்கள், தாங்கள் உண்ணாத உயரமான கொத்துப்புல்லைக்கூட அடியோடு கடித்துச் சாய்த்தன. வலை கட்டிப் பறவையைத் தடுத்ததும் அந்த வேலையைக் குறைத்துக்கொண்டன. மொரொகோரோவில் எலியைப் பெருக்கும் மழை, இங்கே புல்லை உயர்த்தி வோலுக்கு இடைஞ்சலாகவும் முடியலாம். மேய்ச்சல் மிகுந்து புல் கட்டையாகிப்போன நிலமோ அதற்குப் புகலிடம். எனவே உள் மங்கோலியாவில் எலிப்பெருக்கத்தை ஆராய்பவர் மழைப் பதிவேட்டோடு அந்த ஆண்டின் ஆட்டுக் கணக்கையும் கையிலெடுத்தாக வேண்டும்.