சந்திராவின் இரண்டு கணக்குப் புத்தகங்கள்

பி.காம். படிக்கிறவனுக்கு கிரிக்கெட் கட்டுரை எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இந்தக் கட்டுரையே ஒரு கணக்குதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சுழற்பந்து என்றால் நம் வகுப்பில் கும்ப்ளே, ஹர்பஜன், அஷ்வின் என்று மூன்று பெயர் வரும். அதற்கு முன்னால் யார் என்று கேட்டால் 'நால்வர் அணி' என்பார்கள். பேடி, பிரசன்னா, வெங்கட்ராகவன், சந்திரசேகர். (நான்கு பேரும் ஒன்றாக ஆடியது ஒரே ஒரு டெஸ்ட்தான், 1967ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். அதிலும் தோல்வி!) இந்த நால்வரில் மற்ற மூவரும் சுழற்பந்து வீசினார்கள். சந்திரசேகர் வீசியது என்ன வகை என்று இன்றுவரை யாரும் சரியாகப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. லெக் ஸ்பின் என்று எழுதுவது ஒரு வசதிக்காக.

பகவத் சுப்ரமண்ய சந்திரசேகர் 1945 மே 17 அன்று மைசூரில் பிறந்தவர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கை மெலிந்துபோனது. இந்த இடத்தில் பொதுவாக எல்லோரும் "ஊனத்தை வென்ற வீரர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்த வரியில் உடன்பாடில்லை. அவர் அந்தக் கையை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு வழியில் ஜெயிக்கவில்லை. பந்து போட்டதே அந்தக் கையால்தான்! ஃபீல்டிங் செய்து எறிவது மட்டும் இடது கை. மெலிந்த வலது கையின் மணிக்கட்டு சாட்டை மாதிரி சொடுக்கியது. அதனால் மற்ற லெக் ஸ்பின்னர்கள் பந்தை மேலே தூக்கி, காற்றில் மிதக்கவிட்டு ஏமாற்றும்போது, இவர் கிட்டத்தட்ட மிதவேகப் பந்துவீச்சாளரின் வேகத்தில் கூக்ளியும் டாப் ஸ்பின்னும் போட்டார். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து முடிவெடுக்க பேட்ஸ்மேனுக்கு நேரமில்லை. சில நாள் சந்திராவுக்கே அது தெரியாது என்று அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

18 வயதில், 1964 ஜனவரியில், இங்கிலாந்துக்கு எதிராக பம்பாயில் முதல் டெஸ்ட். 1966-67ல் அதே பம்பாயில் சோபர்ஸின் மேற்கிந்திய அணிக்கு எதிராக ஒரே டெஸ்டில் 11 விக்கெட். ஆனாலும் அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. 1967-68 ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவே காயம்பட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் டெஸ்ட் அணியில் அவர் பெயரே இல்லை. தேர்வாளர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அவர் இல்லாமலேயே 1968ல் நியூசிலாந்தில் பிரசன்னா 24 விக்கெட் எடுத்துத் தொடரை வென்று கொடுத்தார். 1971ல் மேற்கிந்தியத் தீவுகளில் நம்ம வெங்கட்ராகவன் 22 விக்கெட் எடுத்தார், அந்தத் தொடரும் நமக்கே. ஜெயிக்கிற அணியில் எப்போது என்ன போடுவார் என்று தெரியாத ஒருவருக்கு எதற்கு இடம்? கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

அதே 1971 கோடையில் இங்கிலாந்துப் பயணத்துக்கு அவரைச் சேர்த்தார்கள். முதல் இரண்டு டெஸ்டும் டிரா. மூன்றாவது, லண்டன் ஓவல் மைதானத்தில். இங்கிலாந்து 355, இந்தியா 284. 71 ரன் பின்தங்கிய அணி எந்த நம்பிக்கையில் நான்காம் நாள் ஃபீல்டிங்குக்கு இறங்கும்?

ஆரம்பம் அதிர்ஷ்டத்தில். லக்ஹர்ஸ்ட் நேராக அடித்த பந்து சந்திராவின் கையில் பட்டு எதிர்முனை ஸ்டம்பைத் தட்ட, கிரீஸை விட்டு வெளியே நின்ற ஜேம்சன் ரன் அவுட். அடுத்து எட்ரிச். சந்திரா ஓடிவரத் தயாராகும்போது, திலீப் சர்தேசாய் "மில் ரீஃப் போடு" என்று கத்தினாராம். மில் ரீஃப் என்பது அந்த வருடம் இங்கிலாந்தில் டெர்பி பந்தயம் ஜெயித்த குதிரை. அதாவது வேகமான பந்தைப் போடு என்று அர்த்தம். எட்ரிச் மட்டையைக் கீழே கொண்டுவருவதற்குள் பந்து ஸ்டம்பில்! அடுத்த பந்திலேயே ஃப்ளெட்சர், ஷார்ட் லெக்கில் சோல்கர் கையில் கேட்ச். உணவு இடைவேளையில் இங்கிலாந்து 24க்கு 3. மறுமுனையில் வெங்கட்ராகவனும் விடவில்லை. நாட் அடித்ததை சோல்கர் முன்னால் பாய்ந்து பிடித்தது வெங்கட்டின் பந்தில்தான். ஒருபக்கம் நின்று ஆடிய லக்ஹர்ஸ்டை சந்திரா வீழ்த்தியபோது கேட்ச் பிடித்ததும் வெங்கட்டே. 101க்கு ஆல் அவுட். சந்திரா 18.1 ஓவர், 38 ரன், 6 விக்கெட்.

173 இலக்கு. மறுநாள் ஆகஸ்ட் 24, விநாயகர் சதுர்த்தி. மிருகக்காட்சி சாலையிலிருந்து பெல்லா என்ற யானையைக் கூட்டிவந்து மைதானத்தைச் சுற்றவைத்தார்கள் இந்திய ரசிகர்கள். அபித் அலி அடித்த பவுண்டரியில் 4 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. 1932லிருந்து இங்கிலாந்து போய் ஆடிவந்த நாம் அங்கே ஜெயித்த முதல் டெஸ்ட் அது.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். சந்திராவின் மொத்தக் கணக்கு: 58 டெஸ்ட், 242 விக்கெட், சராசரி 29.74. பார்த்தால் 'நல்லது' என்று சொல்லத் தோன்றும், 'அற்புதம்' என்று சொல்லத் தோன்றாது. ஆனால் அந்த 58ல் இந்தியா ஜெயித்தவை 14. அந்தப் 14ல் மட்டும் அவர் எடுத்தது 98 விக்கெட், சராசரி 19.27. வகுத்துப் பாருங்கள், ஒரு வெற்றிக்கு சரியாக 7 விக்கெட்! மீதி 44 ஆட்டங்களில் 144 விக்கெட், அதாவது ஆட்டத்துக்கு மூன்றுக்குச் சற்று அதிகம், சராசரி கிட்டத்தட்ட 37. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள். 29.74 என்ற எண் இரண்டையும் கலந்து, இல்லாத மூன்றாவது ஒருவரைக் காட்டுகிறது. அவர் நன்றாகப் போட்டதால் ஜெயித்தோமா, ஜெயிக்கிற மாதிரி ஆடுகளம் அமைந்ததால் அவர் நன்றாகப் போட்டாரா என்று யாராவது கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் முதல் இன்னிங்ஸில் 71 ரன் பின்தங்கிய ஓவலை அந்தக் கேள்வியால் விளக்க முடியாது.

விதிவிலக்கும் உண்டு. 1972-73ல் இங்கிலாந்து இங்கே வந்தபோது டெல்லியில் 79 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். அவருடைய மிகச்சிறந்த பந்துவீச்சு அதுதான், ஆனால் தோற்றோம். கல்கத்தாவில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 9, 28 ரன்னில் ஜெயித்தோம். பொங்கல் சமயத்தில் நம் சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்ஸில் 6, அதிலும் வெற்றி. அந்தத் தொடரில் மொத்தம் 35 விக்கெட். ஒரு தொடரில் அவ்வளவு எடுத்த வேறு இந்தியர் இல்லை.

பேட்டிங் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். டெஸ்டில் எடுத்த ரன் 167, விக்கெட்டைவிட 75 குறைவு! 23 முறை பூஜ்யம். 1977-78 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரு மட்டைக் கம்பெனி நடுவில் ஓட்டை போட்ட மட்டையையே அவருக்குப் பரிசளித்தது. அதே பயணத்தில்தான் மெல்பர்னில் முதல் இன்னிங்ஸில் 52 ரன்னுக்கு 6, இரண்டாவது இன்னிங்ஸிலும் அதே 52 ரன்னுக்கு 6! 222 ரன் வித்தியாசத்தில், ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. கெர்ரி பேக்கர் முக்கிய ஆட்டக்காரர்களைக் கொத்தாக அழைத்துப் போனதால், 41 வயது சிம்சன் திரும்பி வந்து தலைமை ஏற்ற பலவீனமான ஆஸ்திரேலியா அது என்பதையும் மறைக்கக் கூடாது.

கடைசி டெஸ்ட் 1979ல், நால்வரும் சேர்ந்து ஆடிய அதே பர்மிங்ஹாம் மைதானத்தில். இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 633. கோவர் ஆட்டமிழக்காமல் 200. அந்த ஐந்தையும் எடுத்தவர் கபில்தேவ் என்ற இளைஞர். சந்திராவுக்கு ஒன்றும் இல்லை.

அவர் பந்துவீசும் பழைய படத்துண்டு எங்காவது கிடைத்தால் பாருங்கள். பந்து ஆடுகளத்தில் விழுந்தபின் பேட்ஸ்மேனின் கால்களைக் கவனியுங்கள். முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் அப்படியே நிற்கும்.