பத்தீர்: உழுதவர்கள் காத்த ஊர்

ஒரு நிலம் யாருடையது? பட்டா வைத்திருப்பவருடையதா, படை வைத்திருப்பவருடையதா, உழுபவருடையதா? பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், பெத்லகேமுக்கு மேற்கே உள்ள பத்தீர் என்ற சிற்றூரின் வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

மலைச்சரிவில் காரை பூசாத கல்சுவர்களை அடுக்கி, அவற்றின் மேல் படிப்படியாக வயல்களை அமைத்தவர்கள் இவ்வூர் மக்கள். ஊற்றுநீர் ஒரு குளத்தில் சேர்ந்து, வாய்க்கால் வழியே வயல்களுக்குப் போகிறது. எட்டுக் குடும்பக் கிளைகள், ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பாய்ச்சுகின்றன. அதனால்தான் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள். இவ்வூர்க் கத்தரிக்காய்க்குத் தனிப் பெயர் உண்டு.

ஊரை ஒட்டிய மேட்டில் பழங்கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. ரோமப் பேரரசை எதிர்த்த யூதக் கிளர்ச்சி கி.பி. 135இல் முறியடிக்கப்பட்ட பெய்தார் அதுவே என்கிறார்கள். யூதர்களுக்கு அது தியாகத்தின் நினைவிடம். அந்த நினைவை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு மக்களின் பழம்பெருமையைக் காட்டி, இன்று உழுகிறவரை வெளியேற்றுவது எந்த நியாயம்?

1892இல் யாஃபாவிலிருந்து எருசலேமுக்குப் போட்ட ரயில் பாதை இவ்வூர்ப் பள்ளத்தாக்கின் வழியே சென்றது. 1948 போரில் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஓடினர். ஊர் காலியானால் பறிபோய்விடும் என்று அஞ்சிய ஹசன் முஸ்தபாவும் எஞ்சிய சிலரும் காலி வீடுகளில் விளக்கேற்றினார்கள், கொடியில் துணி காயப்போட்டார்கள், ஆள் இருப்பதாகக் காட்டினார்கள் என்பது இன்றும் ஊர் சொல்லும் கதை. 1949 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பின் தண்டவாளம் இஸ்ரேல் பக்கம் போனது. ரயிலுக்குத் தீங்கு செய்வதில்லை என்ற உறுதியின் பேரில், எல்லைக்கு அப்பால் கிடந்த தம் வயல்களை மக்கள் தொடர்ந்து உழுதார்கள். கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார்கள்.

பின்னர் வந்தது பிரிப்புச் சுவர்த் திட்டம். சுவர் எழுந்தால் வயல் ஒரு பக்கம், உழவர் மறுபக்கம். ஊர் மக்கள் நீதிமன்றம் போனார்கள். இஸ்ரேலின் இயற்கைப் பூங்காக்கள் ஆணையமே 2012இல் அத்திட்டத்தை எதிர்த்தது. 2014இல் யுனெஸ்கோ பத்தீரை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும், அப்போதே ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் சேர்த்தது. 2015 தொடக்கத்தில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் சுவர் வேலை நிறுத்திவைக்கப்பட்டது.

ஆனால் வேறொரு வாசல் திறந்தது. 2024இல் இந்தப் பாரம்பரியப் பகுதிக்குள்ளேயே நஹல் ஹெலெட்ஸ் என்ற யூதக் குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு அனுமதி தந்தது.

யுனெஸ்கோ பட்டியலில் பத்தீரைச் சேர்த்தது அரண்மனையோ கோபுரமோ அல்ல. பெயர் தெரியாத உழைப்பாளிகள் அடுக்கிய கற்களும் பங்கிட்ட தண்ணீரும்தான். அந்தக் கைகளை நிலத்திலிருந்து பிரித்துவிட்டால், சில மழைக்காலங்களில் சுவர் சரியும், வாய்க்கால் தூரும். பிறகு காப்பாற்ற அங்கே பாரம்பரியம் என்று எதுவும் இருக்காது. எனவே பத்தீரைக் காப்பது என்றால், முதலில் அதன் உழவர்களின் நில உரிமையைக் காப்பது.