பிரித்தனிச் சிறுவரும் பிரெஞ்சு மொழியும்

பிரான்சு நாட்டு மக்கள் அனைவரும் தொன்றுதொட்டுப் பிரெஞ்சு மொழியையே பேசி வந்தனர் என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. புரட்சி அரசின் சட்டத்தை ஏற்று ஆயரான ஆன்றி கிரெகுவார், 1794ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நாட்டின் மன்றத்தில் ஓர் அறிக்கை அளித்தார். அறுபது லட்சம் பேருக்கேனும் பிரெஞ்சு அறவே தெரியாது. மேலும் அறுபது லட்சம் பேரால் அதில் தொடர்ந்து உரையாட இயலாது. செம்மையாகப் பேசுவோர் முப்பது லட்சத்துக்கு மேல் இல்லை என்பது அவருடைய கணிப்பு. யூதரின் உரிமைக்காகவும் அடிமைகளின் விடுதலைக்காகவும் வாதாடியவர் அவர். சட்டத்தை உழவனும் படித்தறிய வேண்டும் என்ற நன்னோக்குடனேயே, வட்டார மொழிகளை ஒழித்துவிட வேண்டும் என்று அவர் கேட்டார்.

அந்த எண்ணம் செயலாவதற்குப் பள்ளிகள் தேவைப்பட்டன. 1833இல் கிசோவின் சட்டம் ஊர்தோறும் தொடக்கப்பள்ளி அமைக்க வழிசெய்தது. ஜூல் ஃபெரியின் சட்டங்கள் 1881இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கின; 1882இல் ஆறு முதல் பதின்மூன்று வயது வரை அதனைக் கட்டாயமாக்கின. ஏழைச் சிறுவர்க்குக் கிடைத்த பெரும் பேறு இது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், நாட்டின் வடமேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரித்தனியின் மேற்குப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே வீட்டிலும் வயலிலும் படகுத்துறையிலும் வழங்கியது பிரெத்தோன் மொழி. அது வேல்ஸ் மொழிக்கு உறவானது, பிரெஞ்சுக்கு அன்று. தாயின் சொற்களை மட்டுமே அறிந்து வந்த ஆறு வயதுக் குழந்தைக்கு, ஆசிரியர் வாயிலிருந்து வந்த முதற்சொல்லே புரியவில்லை.

இக்குழந்தைக்குப் பிரெஞ்சைக் கற்பிப்பது எவ்வாறு? அக்காலத்தில் இரு வழிகள் முன்வைக்கப்பட்டன. மொழியியல் அறிஞர் மிஷேல் பிரெயால், குழந்தையின் வீட்டு மொழியையே துணையாகக் கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டிக் கற்பிக்கலாம் என்று 1872இல் எழுதினார். தென்பகுதியில் சவினியன் என்னும் தெ லா சால் அருட்சகோதரர் இதனைச் செய்தே காட்டினார். மாணவர்கள் புரோவான்சால் மொழியிலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்துப் பழகும் வண்ணம் பாடநூல்களை ஆக்கினார். கல்வித்துறைத் தலைமை ஆய்வாளர் இரேனே காரே கூறியதோ வேறு. தாய் தன் சேய்க்குப் பேச்சைக் கற்பிப்பது போல, பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்லி, பிரெஞ்சிலேயே பிரெஞ்சைக் கற்பிக்க வேண்டும். பிரெத்தோனுக்கு வகுப்பில் இடமில்லை என்றார். பள்ளிகளில் வென்றது இவ்வழியே.

முறை எதுவாயினும் அன்போடு கையாளப்பட்டிருந்தால் தீங்கு குறைந்திருக்கும். பல பள்ளிகளில் அதனோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. பிரெத்தோனில் பேசிவிட்ட சிறுவனின் கழுத்தில் மரக்கட்டையோ பழைய மரச்செருப்போ தொங்கவிடப்பட்டது. ‘அடையாளம்’ என்றும் ‘பசு’ என்றும் அதற்குப் பெயர். அவ்வாறே தவறும் இன்னொரு சிறுவனைப் பிடித்துக் கொடுத்தால்தான் முதல்வனுக்கு விடுதலை. மாலையில் எவனிடம் அது இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. மொழியை மட்டுமன்று, தோழனைக் காட்டிக்கொடுக்கவும் பள்ளி பழக்கியது. அரசுப் பள்ளிகளில் மட்டுமல்லாமல், கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இவ்வழக்கம் இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

இத்தனைக்கும் மறைக்கல்வியையும் மறையுரையையும் பங்குக் குருக்கள் பிரெத்தோனிலேயே நடத்தி வந்தனர். மக்களின் மொழிமேல் கொண்ட பற்று ஒருபுறம். பிரெஞ்சோடு குடியரசுக் கருத்துகளும் நுழையும் என்ற அச்சம் மறுபுறம். 1902இல் பிரதமர் எமில் கோம்ப், தாமே ஒரு காலத்தில் குருமடத்தில் பயின்றவர், ஆலயங்களில் பிரெத்தோனைத் தடுத்துச் சுற்றறிக்கை விடுத்தார். அரசு ஊதியம் பெற்றுவந்த குருக்களில் பலர், கீழ்ப்படியாமையால் அதனை இழந்தனர். ஆக, குழந்தையின் நாவின்மேல் அரசும் திருச்சபையும் போரிட்டன; குழந்தையின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

பெற்றோரையும் நாம் குறைகூற இயலாது. இரயில்வே வேலைக்கும் அஞ்சலகப் பணிக்கும் பிரெஞ்சு வேண்டியிருந்தது. தாம் பட்ட வெட்கம் தம் மக்களுக்கு வேண்டாம் என்று கருதி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவர்கள் வீட்டிலும் பிரெஞ்சே பேசத் தொடங்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசிய மொழியை, 2018இல் சுமார் இரண்டு லட்சம் பேரும், 2024இல் சுமார் ஒரு லட்சம் பேருமே பேசினர்.

1951இல் தேக்சோன் சட்டம் பிரெத்தோனை விருப்பப் பாடமாகப் பள்ளிக்குள் அனுமதித்தது. 1977இல் ‘முளை’ எனப் பொருள்படும் ‘திவான்’ பள்ளிகளைப் பெற்றோரும் ஆர்வலரும் தொடங்கினர். அங்கே பிரெத்தோனே முதல் மொழி. பிரெஞ்சு பின்னர்ப் படிப்படியாகச் சேர்கிறது. எனினும் அரசுப் பள்ளிகளில் இத்தகைய கல்வி அரசியலமைப்புக்கு முரணானது என்று அரசியலமைப்பு மன்றம் 2021 மே திங்களில் தீர்ப்பளித்தது.

பிரித்தனிச் சிறுவர் பிரெஞ்சு கற்றதில் பிழையில்லை. அதனால் அவர்களுக்கு உலகம் திறந்தது. ஆனால் புதிய மொழி நுழைய வேண்டுமானால் பழைய மொழி வெளியேற வேண்டும் என்று கொண்ட முடிவுக்குத் தேவையே இருக்கவில்லை. பிரெயாலும் சவினியனும் காட்டிய வழி அன்றே திறந்திருந்தது. குழந்தைக்கு இன்னொரு மொழியைக் கொடுக்க முன்வரும் எவரும், அது ஏற்கெனவே கொண்டுவந்திருக்கும் மொழியை முதலில் மதித்து ஏற்பார்களாக.