நாங்க சொல்ற காவேரிப்பட்டணம் வேற

குந்தாரப்பள்ளியில் எங்க வீட்டு மாடியில் ரெக்கார்ட் பண்றேன். நடுவில் ஹைவே லாரிச் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க.

எங்க ஊரில் "காவேரிப்பட்டணம் போறேன்"னு சொன்னா, கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில் இருக்கற ஊருக்குன்னு அர்த்தம். 1767இல் ஹைதர் அலி பிடிச்ச கோட்டை இருந்த இடம் அது. பள்ளியில் தமிழய்யா காவிரிப்பூம்பட்டினம் பற்றிப் பாடம் எடுத்தப்போ, கோவலன் கண்ணகி நம்ம பக்கத்து ஊர்க்காரங்கன்னு ரொம்ப நாள் நம்பினேன். அந்த வெட்கத்தைத் தீர்க்கத்தான் 2018இல், காலேஜ் கடைசி வருஷம், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பைக் ஓட்டிட்டு பூம்புகார் போனேன்.

காவிரி தமிழ்நாட்டுக்குள் வர்ற தண்ணீரை அளக்கற பிலிகுண்டுலு எங்க மாவட்டத்தில்தான் இருக்கு. அதே 2018இல் உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி.ன்னு சொன்ன கணக்கு அங்கேதான் பார்க்கப்படுது. அவ்வளவு சண்டை போடற ஆறு கடைசியில் எப்படி இருக்கும்னு ஒரு கற்பனை இருந்துச்சு. போய்ப் பார்த்தா வாய்க்கால் மாதிரி ஒரு ஓடை. வெள்ளம் வந்தா பெரும்பங்கைக் கொள்ளிடம் எடுத்துக்குது, மிச்சத்தை டெல்டா வயல்கள் பிரிச்சுக்குது. கப்பல் வந்த முகத்துவாரம்னு சொன்னா நம்பவே முடியலை.

ஆனா கப்பல் வந்தது நிஜம். பட்டினப்பாலை இந்தத் துறைமுகத்தின் சுங்கச் சாவடி வரைக்கும் விவரிக்குது. கிபி 2ஆம் நூற்றாண்டில் தாலமி 'கபேரிஸ்'னு குறிப்பிடறார். மணிமேகலையில் கடல் ஊரைக் கொள்ளுது. இந்திர விழாவை அரசன் மறந்ததால்னு காவியம் காரணம் சொல்லுது. ஒரே அலையா, நூற்றாண்டுக் கணக்கா கடல் அரிச்சதாங்கற விவாதம் இன்னும் முடியலை. என் தொழில் பாஷையில் சொன்னா, டாக்குமெண்டேஷன் முழுசா இருக்கு, சர்வர்தான் காணோம்.

காணாமல் போனதை அரசே மறுபடியும் கட்டிப் பார்த்துச்சு. 1964இல் கலைஞர் வசனத்தில் 'பூம்புகார்' படம் வந்தது. அவர் முதலமைச்சரா இருந்தப்போ 1973இல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் திறந்தாங்க. எழுநிலை மாடம், சுவர் முழுக்கக் கதைச் சிற்பங்கள், இலஞ்சி மன்றம், பாவை மன்றம், தங்கறதுக்குச் சங்கு வடிவக் குடில்கள். நான் போனப்போ குடில்களில் காரை உதிர்ந்து கம்பி தெரிஞ்சது. அரை நூற்றாண்டு உப்புக்காத்து, நடுவில் 2004 சுனாமி. எனக்கு வந்தது கோபம் இல்லை, ஒரு குழப்பம். பழைய நகரத்தைக் காட்டக் கட்டினதே பழசாகிடுச்சு. பிறகு அரசு நிதி ஒதுக்கிப் புதுப்பிக்கற வேலையைக் கையில் எடுத்துச்சு.

கடற்கரையில் சுண்டல் வித்த அக்காகிட்ட "கூட்டம் எப்போ வரும்?"னு கேட்டேன். "ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வருவாங்க தம்பி. முழுகிட்டு, திதி கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸில் போயிடுவாங்க. சித்ரா பௌர்ணமிக்குக் கொஞ்சம் வியாபாரம் ஆகும். மத்த நாளெல்லாம் நீங்க பார்க்கறதுதான்." நான் பார்த்தது ரெண்டு ஜோடி, ஒரு நாய்.

அசல் விஷயம் கடற்கரையில் இல்லவே இல்லைங்கறது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சது. பக்கத்தில் கீழையூரில், 1960களில் தொல்லியல் துறை தோண்டினப்போ செங்கல் படகுத்துறை ஒண்ணு கிடைச்சது. அங்கே எடுத்த மரக்கட்டையின் காலம் கிமு 3ஆம் நூற்றாண்டை ஒட்டி வருது. பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரையின் அடித்தளம் கிடைச்சது. ரெண்டும் கண்ணகி சிலை மாதிரி போட்டோவுக்கு நிக்காது. முழங்கால் உயரச் செங்கல்தான். நான் வழி கேட்ட ரெண்டு பேருக்கு விகாரை எங்கேன்னே தெரியலை.

கடலுக்கடியிலும் தேடினாங்க. 1990களில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் கரையில் இருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவில் ஒரு அமைப்பைப் பார்த்தது. யூடியூபில் அதை 11,000 வருஷம்னு அடிச்சு விடறாங்க. அந்த ஆழம் எப்போ கடலுக்குள் போயிருக்கும்ங்கற கணக்கில் வந்த எண் அது. அந்த அமைப்பில் இருந்து பொருள் எடுத்துக் காலம் கணிச்சதில்லை. நமக்கு அந்த எண் பிடிச்சிருக்கு, அதனால் ஃபார்வர்ட் பண்றோம். கீழையூர்ச் செங்கலை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்லை.

கீழடியில் 2023இல் அருங்காட்சியகம் திறந்ததும் ஜனம் குவிஞ்சது. அங்கே வச்சிருக்கறதும் பெரும்பாலும் பானை ஓடும் பாசிமணியும்தான். ஆனா எந்தக் குழியில் எது கிடைச்சது, அதுக்கு என்ன அர்த்தம்னு ஒவ்வொண்ணா விளக்கறாங்க. பூம்புகாரில் சிற்பத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியைச் செங்கலுக்குக் கொடுத்திருக்கலாம்னு எனக்குத் தோணுது. சிலப்பதிகார ரசிகர்கள் கமெண்டில் திட்டலாம்.

போறவங்களுக்கு: சீர்காழியில் இருந்தும் மயிலாடுதுறையில் இருந்தும் பஸ் இருக்கு. வெயிலுக்கு முன்னாடி கீழையூரும் பல்லவனேச்சுரமும் பார்த்துடுங்க, கடற்கரையைச் சாயங்காலத்துக்கு வச்சுக்கோங்க. அந்த அக்கா இன்னும் அங்கே இருந்தா, ரெண்டு பொட்டலம் சுண்டல் வாங்குங்க.