பள்ளிக்கூடம், ஆச்சி வீடு, சாரல்: வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் பிள்ளைகளின் ஆண்டு

தென்காசி மாவட்டத்தில் சிற்றாற்றங்கரையில் உள்ள வட்டத் தலைநகர் வீரகேரளம்புதூர். ஊராரின் பேச்சில் அது வீ.கே.புதூர், புலவர்களின் பாட்டில் வீரை. அனுமன் நதி இவ்வூருக்கு அருகில் சிற்றாற்றோடு கலக்கிறது. குற்றால மலையில் பிறந்து பேரருவியாக விழும் சிற்றாறுதான் தென்காசி வழியாக இங்கே வந்து, பிறகு சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத் தொடக்கத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும். குற்றாலத்தில் அருவி விழத் தொடங்குவது, சிற்றாற்றுப் பாசனத்தில் கார் சாகுபடிக்கு வயல் உழுவது, கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பது ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் வருகின்றன. சிறு பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீடும் இந்த மூன்றுக்கும் ஈடுகொடுத்தே ஆண்டை நடத்த வேண்டியிருந்தது. கடந்த இருநூறு ஆண்டுகளில் படிப்பும் வேலையும் பயணமும் மாறியபோதெல்லாம் இந்த ஏற்பாடும் மாறிவந்தது.

திண்ணைப் பள்ளிக் காலம்

ஊற்றுமலை ஜமீனின் இருப்பிடமாக வீரகேரளம்புதூர் இருந்தது. ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தைப் பாடினார். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்ற நடைப்பயணத்துக்காக எழுந்த பாட்டு அது. உ.வே.சாமிநாதையரும் ஊற்றுமலைக்கு வந்திருக்கிறார். ஆயினும் அரண்மனையில் புலவர்கள் கூடிய அந்தக் காலத்தில் ஊரில் எழுத்தறிந்த பிள்ளைகள் சிலரே.

அன்றைய படிப்பு திண்ணைப் பள்ளியில் நடந்தது. விஜயதசமி நாளில் தட்டில் பரப்பிய அரிசியின் மேல் குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைப்பார்கள். அதன்பின் மணலில் எழுதிப் பழகி, கை தேறியதும் ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி, நிகண்டு எல்லாம் மனப்பாடம். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், 1789 முதல் தாம் நடத்திய எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் அதைப் பின்பற்றினார். பிறகு இங்கிலாந்திலும் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது.

திண்ணைப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. அமாவாசை, பௌர்ணமி, அட்டமி, பிரதமை ஆகிய நாட்களில் பாடம் நடக்காது. அறுவடை வந்தால் பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள். ஆசிரியருக்கும் சம்பளத்தில் பெரும்பங்கு தானியமாகவே வந்ததால், வயல் வேலைக்காகப் பிள்ளை வராமல் போவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளியின் ஆண்டும் வயலின் ஆண்டும் அப்போது ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தப் படிப்பு எல்லோருக்கும் கிடைத்ததல்ல. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இல்லை. அவர்களின் குழந்தைப் பருவம் ஆடு மாடு மேய்ப்பதிலும் களை பறிப்பதிலும் தம்பி தங்கையைச் சுமப்பதிலும் கழிந்தது.

ஞாயிறும் கோடை விடுமுறையும்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியரான ரேனியஸ், திருச்சபை ஊழியச் சங்கமான சி.எம்.எஸ். சார்பில் ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். வீரகேரளம்புதூருக்குப் பக்கத்தில் உள்ள சுரண்டையும் ஆலங்குளத்தை அடுத்த நல்லூரும் அந்த ஊழியத்தின் நிலையங்களாயின. அதுவரை எழுத்தே கிட்டாதிருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வகுப்பில் உட்காரத் தொடங்கியது இப்பள்ளிகளில்தான்.

இவற்றோடு புதிய நாட்காட்டியும் வந்தது. ஞாயிறு விடுமுறை நாளாயிற்று. மணி அடித்து வகுப்பு தொடங்கிற்று. வருகைப் பதிவேடு வந்தது. அரசுப் பள்ளிகளும் உள்ளூர்க் கழகப் பள்ளிகளும் பெருகியபோது ஜூனில் திறந்து ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடியும் முறை நிலைபெற்றது. நடுவே காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் இருந்தாலும் நீண்ட ஓய்வு கோடையில்தான். சமவெளியின் வெயிலைக் கருதி அமைந்த ஏற்பாடு அது. ஆனால் சிற்றாற்றுப் பக்கத்தில் வேலையும் கொண்டாட்டமும் கூடிவரும் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதனால் பள்ளி திறந்த முதல் வாரங்களில் வகுப்பில் பாதி இடம் காலியாக இருப்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. நடவுக்குப் போன தாய் கைக்குழந்தையை மூத்த மகளிடம் விட்டுப் போவாள். அந்த மகளின் படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

மதிய உணவும் பீடித் தட்டும்

பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைத்ததில் பெரும்பங்கு சோற்றுக்கு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. முதலமைச்சர் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. சேரன்மகாதேவி அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன், பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவார் என்று அவரிடம் கேட்டதாக இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் மக்களிடம் அரிசியும் பருப்பும் திரட்டி இத்திட்டத்தை வளர்த்தார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மூலம் கட்டடங்களும் மேசை நாற்காலிகளும் பள்ளிகளுக்கு வந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி செல்லாத சிறு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இப்போது காலை உணவும் பள்ளியிலேயே கிடைக்கிறது. அத்திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது.

வயல் வேலை குறைந்தபின் இந்த வட்டாரத்துத் தாய்மாருக்கு வீட்டிலேயே கிடைத்த வேலை பீடி சுற்றுதல். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் என்று சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் அது பரவியது. நனைத்த இலையை அளவு பார்த்துக் கத்தரித்து, மடியில் வைத்த சுளகில் தூளைப் போட்டுச் சுருட்டி, நூலால் கட்ட வேண்டும். சுருட்டிய பீடியின் தலையை மடக்கிவிடும் வேலை, பள்ளி விட்டு வந்த பிள்ளைகளிடம் போகும். ஒரு கை மடக்கிக்கொண்டிருக்கும், எதிரே விரித்துவைத்த பாடத்தை வாய் ஒப்பித்துக்கொண்டிருக்கும். இப்படி வளர்ந்தவர்கள் இங்கே ஒரு தலைமுறைக்கு மேல் உண்டு. 1966ஆம் ஆண்டுச் சட்டம் பீடித் தொழிலாளருக்கு உரிமைகளை வகுத்தது. 1976இல் வந்த நலநிதிச் சட்டத்தின் வழியாக அவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. பல வீடுகளில் முதல் பட்டதாரியை உருவாக்கியது தாயின் பீடிக் கூலி.

சித்திரையும் வைகாசியும்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் போகும் இடம் ஆச்சி வீடு. பெற்றோர் வேலையை விட்டு உடன் வருவதில்லை. மாமாவோ சித்தியோ வந்து அழைத்துப் போவார்கள். பனை மிகுந்த இந்தப் பூமியில் அது நுங்குக் காலம். நுங்கைத் தோண்டித் தின்றபின் கூந்தல் எனப்படும் வெறும் நுங்குக் கூடு இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளில் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவட்டைக் கம்பால் அதைத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாக ஓடுவார்கள். இதுவே பல பிள்ளைகளின் முதல் வண்டி.

குடும்பம் முழுவதும் சேர்ந்து போகும் பயணத்துக்குக் காரணம் பெரும்பாலும் தெய்வம். பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தா கோயிலைத் தேடிப் போகும் வழக்கம் திருநெல்வேலிச் சீமை முழுவதும் உண்டு. ஊரை விட்டுப் போய்ப் பல தலைமுறை ஆனவர்களும் அன்று வந்து சேர்வார்கள். முன்பு கூண்டு வண்டியில் பாத்திரமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு விடியுமுன்பே கிளம்புவார்கள். கோயில் வளாகத்தில் பொங்கல் பொங்குவதற்குள் பிள்ளைகள் அதுவரை கண்டிராத அத்தை மக்களோடு விளையாடத் தொடங்கியிருப்பார்கள். குழந்தைக்கு முடி இறக்குவதும் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதும் குலதெய்வக் கோயிலில் நடக்கும். பள்ளி விடுமுறை நிலைபெற்றபின் இச்சடங்குகளில் பல மே மாதத்துக்கு மாறின.

மே மாதத்தில் குற்றாலம் பெரும்பாலும் வறண்டிருக்கும். அதனால் கோடைப் பயணத்துக்கு ஆண்டு முழுவதும் நீர் விழும் பாபநாசம் அகத்தியர் அருவி, கடலில் குளிக்கத் திருச்செந்தூர், சூரியோதயம் பார்க்கக் கன்னியாகுமரி என்று வழி பிரிந்தது.

சாரல் பயணம்

குற்றாலத்துக்கு நெடுங்காலம் மாட்டு வண்டிதான் போயிற்று. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை 1903இல் ரயில் வந்தது. 1904இல் மலையைக் குடைந்து கொல்லத்தோடு பாதை இணைந்தது. 1927இல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்தும் தென்காசிக்கு ரயில் வந்தது. தொலைவிலுள்ள குடும்பங்கள் தென்காசியில் இறங்கி, மீதி 5 கிலோமீட்டரை வண்டியில் கடந்தன. கொல்லம் பாதையில் ஆரியங்காவு அருகே பதிமூன்று கண் பாலத்தை ரயில் தாண்டும்போது பிள்ளைகளைச் சன்னலோரம் உட்காரவைப்பது பெற்றோர் வழக்கம். அந்த மீட்டர் கேஜ் பாதைகள் அகலப் பாதைகளாயின. திருநெல்வேலி–தென்காசிப் பாதையில் 2012இலும் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 2018இலும் ரயில்கள் மீண்டும் ஓடின.

1970களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் கிராமங்களுக்குப் பேருந்து விட்டபின், வீரகேரளம்புதூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் குற்றாலம் ஒரே நாளில் போய்த் திரும்பும் இடமாயிற்று. பள்ளி நடக்கும் மாதம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையே அதற்குரிய நாள். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு காலைப் பேருந்தில் ஏறுவார்கள். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து வேன் பேசிப் போகும் பழக்கம் பிறகு வந்தது.

அருவிக்கரையில் பிள்ளைகளுக்கென்று ஒரு முறை உண்டு. முன்பெல்லாம் முதலில் தலைக்கு நல்லெண்ணெய் வைப்பார்கள். பேரருவியின் வேகம் மேலே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து தணிந்தே கீழே வருகிறது. ஆனாலும் சிறுவர்களை நடுவில் விடுவதில்லை. தகப்பன் தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓரத்தில், பாறையில் பட்டுச் சிதறும் நீரில் முதலில் நிற்பார். அழுகை ஓய்ந்ததும் தலையைக் காட்டுவார். கைக்குழந்தையோடு வரும் தாய்மார் சிற்றருவியைத் தேடுவார்கள். குளித்து நடுங்கும் பிள்ளைக்குத் துண்டு போர்த்திச் சூடான மிளகாய் பஜ்ஜியோ வேகவைத்த கடலையோ கையில் கொடுப்பார்கள். திரும்பும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குவார்கள். அரசு நடத்தும் சாரல் விழாவில் ‘கொழு கொழு குழந்தைகள்’ போட்டிக்கும் இடம் உண்டு.

இன்றைய நிலை

அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்ததால் எண்ணெய்க் குளியல் வழக்கம் மறைந்துவருகிறது. ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுப் பல நாள் தங்கிய குடும்பங்களும் இப்போது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே போய்வருகின்றன. ஆறும் காடும் பிழைக்க இவை தேவையான கட்டுப்பாடுகள்.

2024 மே 17 அன்று கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். கரையில் வெயில் அடிக்கும்போதும் மலைமேல் மழை கொட்டலாம்; நீரின் நிறம் கலங்குவதே முதல் அடையாளம். அபாய ஒலி கேட்டதும், காவலர் விசில் ஊதியதும், ‘இன்னும் ஒரு தரம்’ என்று பிள்ளை கெஞ்சினாலும் பெற்றோர் உடனே கரையேற்றிவிட வேண்டும்.

2019இல் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடும் வழக்கம் அதன்பிறகும் தொடர்கிறது; அந்நாளுக்கு ஈடாக வேறொரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். தெய்வத்துக்காகப் பள்ளி நாட்காட்டி இப்படி ஒருநாள் வளைந்துகொடுக்கிறது. சாரலுக்கென்று மட்டும் அதில் இன்றும் தனி விடுமுறை கிடையாது. வீரகேரளம்புதூர்ப் பிள்ளைகள் இன்றும் ஜூன், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில்தான் குற்றாலம் போகிறார்கள்.