மரவிலங்கும் வண்ணத்தாளும்

பட்டினப்பாக்கம் என்ற அளவில் தமிழ்க் கவிஞர் நெஞ்சம் புகாருக்குச் சென்றுவிடும். ஆங்குக் குதிரை செலுத்துவோரும் யானைப் பாகரும் வாழ்ந்தமையை இளங்கோவடிகள் குறிக்கின்றார். சென்னைப் பட்டினப்பாக்கத்திற்கு அதனோடு பெயரொற்றுமை மட்டுமே உண்டு. கடற்கரையில் சுற்றும் குடைராட்டினக் குதிரையே இவ்வூர்ப் பிள்ளைகள் அறிந்த குதிரை. அதனைக் கலைப்பொருளாக நோக்குவோர் மிகச் சிலரே.

மேனாட்டார் ராட்டினத்திற்கு வழங்கும் ‘கரோசல்’ என்னும் சொல்லும் முதலில் குதிரை வீரர்தம் விளையாட்டையே குறித்தது. 1662-இல் பதினான்காம் லூயி மன்னன் பாரிசில் நடத்திய அத்தகு விழாவின் பெயரை அந்நகரச் சதுக்கம் ஒன்று இன்றும் தாங்கி நிற்கின்றது. போர்ப்பயிற்சி பிள்ளை விளையாட்டாயிற்று.

அமெரிக்காவில் ராட்டின விலங்குகளைச் செதுக்கியோருள் பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய மரத்தச்சர். அவருள் ஒருவரான சார்லஸ் லூஃப் 1876-இல் கோனித் தீவில் ராட்டினம் அமைத்தார். அந்நாட்டு ராட்டினங்கள் இடஞ்சுழியாய்ச் சுற்றுவன. ஆதலின் விலங்கின் வலப்பக்கமே காண்போர் கண்ணிற்படும். மணியும் மலரும் பிடரிமயிரின் நெளிவும் அப்பக்கத்திலேயே செறிந்திருக்கும். இடப்பக்கத்தில் தச்சர் உழைப்பைச் சுருக்கிக்கொண்டனர். (கலையிலும் சிக்கனம் உண்டு போலும்!)

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935-இல், வேலையற்ற ஓவியர்க்கு ஊதியமளித்து நாட்டுக் கைவினைப் பொருள்களை வரைவிக்கும் பணியை அமெரிக்க அரசு மேற்கொண்டது. 1942 வரை நடந்த அப்பணியில் ஏறத்தாழ 18,000 நீர்வண்ணப் படங்கள் உருவாயின. அவை இன்று வாசிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன. அவற்றுள் ராட்டினக் குதிரையும் உண்டு; ஆடும் உண்டு.

ஓவியர் தம் கற்பனையைக் கலவாது பொருளை உள்ளவாறே தீட்டவேண்டும் என்பது விதி. இதனை வெறும் படியெடுப்பு என்பார் உளர். அது பொருந்தாது. ஒளி ஊடுருவும் வண்ணத்தை மெல்லமெல்லப் படலமாய் ஏற்றி, உதிர்ந்த சாயத்தையும் மரத்தின் வெடிப்பையும் அவர்கள் தாளில் நிறுத்தினர். பின்னணி ஏதுமின்றி வெற்றுத்தாளில் தனித்து நிற்கும்போது, கூட்டமும் இசையும் மறைத்திருந்த உளியின் போக்கு தெரிகின்றது. புதுவண்ணம் பூசிப் பொலிவாக்கியிருந்தால் எத்தனை பிள்ளைகள் ஏறி இறங்கிய தேய்வு அது என்பது தெரியாமற் போயிருக்கும்.

மயிலைப் பங்குனிப் பெருவிழா வாகனங்களைக் கண்டு வளர்ந்தவர்க்கு மரத்தில் உயிர்ப்பூட்டும் தச்சர் திறம் புதிதன்று. வாகனமோ வழிபாட்டிற்குரியது, பழுது நீக்கி வண்ணம் புதுக்குவதே அதற்கு முறை. ராட்டினக் குதிரைக்கு அக்காப்பும் இல்லை. உடைந்தால் ஒதுக்கப்படும், அதனிடத்தில் வார்ப்புக் குதிரை வந்து நிற்கும். வாசிங்டன் படங்களில் வரைந்தவர் பெயர் உண்டு. செதுக்கியவர் பெயர் பலவற்றில் இல்லை.